மலைநாடும் தொலைவழிக் கண் வைத்தியமும்

ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதை ஏறத்தாழ 173 கிலோமீட்டர். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி இத்தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பதில்லை. இழக்கும் பேர்களால் அளக்கிறாள். தன் கூலி, துணைக்கு வருபவரின் கூலி, லயத்தில் விட்டுச் செல்லும் மற்றப் பிள்ளைகள் என்பனவே அவளுடைய கணக்கு. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தான். அங்கே போய்ச் சேருவது இலவசமன்று.

கண்ணில் தோன்றும் புற்றுநோய்கள் அரியவை. அவற்றுள் விழித்திரைப் புற்று பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றுவது. 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. கண்மணியில் வெண்ணிற ஒளி தெரிவதும் மாறுகண் விழுவதும் அதன் முதல் அறிகுறிகள். காலத்தோடு கண்டால் உயிரையும், பல வேளைகளில் பார்வையையும் காக்கலாம். ஆயினும் சிகிச்சையோடு காரியம் முடிவதில்லை. நோய் திரும்பலாம், மற்றக் கண்ணிலும் தோன்றலாம். ஆகவே ஆண்டுக்கணக்கில் கொழும்புக்கோ மகரகமவுக்கோ சென்று வருதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில், பல நாடுகளின் நிபுணர்கள் தொலைபேசி வாயிலாகவும் காணொளி வாயிலாகவும் நோயாளரை விசாரிக்கத் தொடங்கினர். பயணமும் காத்திருப்பும் குறைந்தால் யாருக்குத்தான் திருப்தி உண்டாகாது? ஆனால் திருப்தி வேறு, பாதுகாப்பு வேறு. பரிசோதனை முடிவைச் சொல்லலாம். மருந்தின் விளைவைக் கேட்கலாம். செயற்கைக் கண்ணைப் பேணும் முறையை விளக்கலாம். தாயின் அச்சத்தைத் தணிக்கலாம். இவற்றுக்குத் தொலைபேசி போதும். விழித்திரையின் ஓரத்தில் முளைக்கும் சிறு கட்டியையோ அது காட்டாது. அதற்குக் கண்மணியை மருந்திட்டு விரிக்க வேண்டும். சிறு குழந்தையாயின் மயக்கமருந்து கொடுத்தே பார்க்க வேண்டும்.

இடைவழி ஒன்று உண்டு. 1976இல் மதுரையில் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் கிராமங்களில் பார்வை மையங்களை அமைத்து வருகிறது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கருவி கொண்டு கண்ணைச் சோதிப்பார். தொலைவிலுள்ள வைத்தியர் காணொளியில் நோயாளரோடு பேசுவார். நோயாளியின் அருகே தேர்ந்த கை ஒன்று இருப்பதே அம்முறையின் பலம். 2017இல் திறக்கப்பெற்ற 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலை போன்ற இடங்களில் இத்தகைய ஏற்பாடு வேரூன்றுமாயின், எந்தப் பயணம் தவிர்க்கத்தக்கது, எது தவிர்க்கலாகாதது என்று பிரித்தறிய இயலும்.

அத்துடன், பேச்சு தமிழில் அமைதல் வேண்டும். பலர் வாழும் ஒற்றை அறையில் மனம் திறந்து பேச முடியாதாகையால், தோட்ட மருந்தகத்தில் அதற்குத் தனியிடம் ஒதுக்குதல் நலம். அடுத்த பரிசோதனைத் திகதியும் எழுத்தில் கையில் கிடைத்தல் வேண்டும்.

இவை யாவும் நோய் கண்டறியப்பட்ட பின்னரே பயன்படும். பிள்ளை மடுவத்தில் குழந்தையைத் தூக்கும் பெண், அதன் கண்ணில் வெள்ளொளியைக் கண்டால், அன்றே தாய்க்கும் வைத்தியருக்கும் அறிவித்தல் வேண்டும். அந்த ஒரு பயணத்தை மட்டும் ஒரு நாளும் ஒத்திப்போடலாகாது.