வாடகை வீடும் முன்பணமும்

 

சேலத்தில் கொலுசுப் பட்டறைக்கும் தறிக்கும் செல்லும் நம் குடும்பங்களுக்கு மாத வாடகையினும் பெருஞ்சுமை முன்பணமே. பத்து மாத வாடகையை ஒரே நாளில் கேட்டால், வட்டிக்காரர் வாசலன்றி வேறு வழியேது?

1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், மாற்று உடன்பாடு இல்லையெனில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த 'மாற்று உடன்பாடு' என்னும் சொல்லில்தான் வறியோர் அகப்பட்டுக்கொள்கின்றனர்; பத்து மாதத்திற்குக் கையெழுத்திட்டபின் அவ்விதி துணைக்கு வாராது. எழுத்துமூல ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் அவசியம்.

நம்மிலும் வீட்டு உரிமையாளர்கள் உளர். அவர்களை வேண்டுகிறோம்: மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள், காலி செய்தவருக்குத் தாமதமின்றித் திருப்பித் தாருங்கள். ஒப்பந்தம் எழுத அறியாதோர் ஜும்ஆவிற்குப் பின் அலுவலகம் வரலாம்; எழுதித் தருகிறோம்.