வரவேற்பறையில் ஓர் இரும்பு மேஜை

சோபாவின் முன்னே இடும் குட்டை மேஜையை நம்மவர் பெரும்பாலும் 'டீப்பாய்' என்றே வழங்குகின்றனர். தேநீர் வைப்பதற்கானதாதலின் அப்பெயர் பெற்றது என்று எண்ணுவாருமுண்டு. உண்மை அதுவன்று. மூன்று காலுடையது என்னும் பொருளுள்ள 'திபாயி' என்ற இந்துஸ்தானிச் சொல்லே ஆங்கிலேயர் நாவில் உருமாறி, ஓசை ஒற்றுமையினால் தேநீரோடு உறவு கொண்டது. நம்முடைய 'முக்காலி' என்னும் சொல்லும் அதே பொருளுடையதுதான். ஊர் விட்டு ஊர் வந்து பெயரும் கோலமும் மாறி வாழ்வது மக்களுக்கு மட்டும் உரியதன்று. மேசை நாற்காலிகளுக்கும் அந்த விதி உண்டு போலும்.

இன்று பெங்களூரில் இந்த டீப்பாயின் ஒரு வகைமீது பலருக்கு விருப்பம் பிறந்திருக்கிறது. அது மெருகேற்றிய தேக்கு மேஜையன்று. கனத்த இரும்புத் தகட்டை நெருப்பால் வெட்டி, வெட்டிய விளிம்பை அராவாமல் விட்டு, பற்றவைத்த தழும்பும் சம்மட்டி அடியும் கண்ணுக்குத் தெரியுமாறு செய்த மேஜை. மேலே ஒரு தடித்த கண்ணாடிப் பலகை. இதனைப் 'புரூட்டலிசப் பாணி' என்பர். முந்தைய தலைமுறையில் செய்யப்பட்டதாயின் விலையும் மதிப்பும் மிகுதி.

பெயரைக் கேட்டதும் கொடுமை என்னும் பொருள் தோன்றி நம்மை அச்சுறுத்தல் கூடும். ஆனால் இச்சொல்லின் பின்னே நிற்பது 'பெத்தோன் புரூ' என்ற பிரெஞ்சுத் தொடராகும். பூச்சில்லாத, பச்சையான கான்கிரீட் என்பது அதன் பொருள். 1952-இல் மார்செய் நகரில் லெ கொர்புசியே எழுப்பி முடித்த குடியிருப்பும், பின்னர் அவர் சண்டிகரில் அமைத்த அரசுக் கட்டடங்களும் இந்நெறிக்குப் பெயர்பெற்ற சான்றுகள். பெங்களூரிலேயே கட்டுமானப் பொருளை மறைக்காத கட்டடங்கள் உண்டு. சார்லஸ் கொரியா அமைத்த விசுவேசுவரய்யா மையத்தையும், பாலகிருஷ்ண தோஷி அமைத்த இந்திய மேலாண்மைக் கழகத்தின் சாம்பல் நிறக் கருங்கற் சுவர்களையும் கண்டவர்கள் இதனை அறிவர். அதே மனப்போக்கை மேசை, அலமாரிகளில் காட்டியவர்களுள் அமெரிக்கக் கைவினைஞர் பால் எவான்ஸ் முதன்மையானவர். 1931-இல் பிறந்து 1987-இல் மறைந்த அவர், உலோகத்தைப் பற்றவைத்தும் செதுக்கியும் வண்ணமேற்றியும் செய்த பொருள்கள் இன்று ஏலக்கூடங்களில் பெருவிலை பெறுகின்றன.

ஆக, செய்த பொருளையும் செய்த விதத்தையும் மறைக்காமல் நிற்பதே இப்பாணியின் உயிர். இவ்வகை மேஜையைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே. இதனை நாங்கள் சற்று விலை கொடுத்தே கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் ஒரு கடையில் இத்தகைய மேஜை ஒன்றை வாங்கினோம். அறுபது ஆண்டுப் பழைமையுடையது என்றும், முழுவதும் பித்தளை என்றும் விற்றவர் உறுதி கூறினார். ஒரு மழைக்காலம் கழிந்தது. மூலையில் நிறம் உரிந்தது. உரிந்த இடத்தில் மெல்லிய இரும்புத் தகடும், அதனடியில் ஒட்டுப்பலகையும் எட்டிப் பார்த்தன. எங்கள் பெரியப்பா இந்நகரத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மேஜையின் அடிப்புறத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "இதைச் செய்தவனுக்கே இதன்மேல் மதிப்பில்லையப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பணம் போனதைவிட அச்சொல்லே எங்களை வருத்தியது.

இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940-இலும், தொலைபேசித் தொழிற்சாலை 1948-இலும், எச்.எம்.டி. 1953-இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இலும் தோன்றிய நகரம் இது. இத்தகைய ஆலைகளை நாடித் தமிழகத்திலிருந்து வந்து, கடைசல் பிடித்தும் பற்றவைத்தும் குடும்பம் காத்தவர் பலர். ஒரு நல்ல பற்றவைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை அறிந்தவர் நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்க, நாம் அவரைக் கேளாமல் கடைக்காரரைக் கேட்டோம். அதுவே நாங்கள் செய்த பிழை.

பின்னர்ப் பெரியப்பா கற்பித்த சோதனைகளை நேயர்களுக்கும் சொல்லுகிறோம். மேஜையின் மேற்புறத்தைப் பார்க்கும் முன் கீழ்ப்புறத்தைப் பாருங்கள். பற்றவைப்பு மேலே அழகாகவும் கீழே ஓட்டையாகவும் இருந்தால் அதனை விட்டுவிடுங்கள். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் எடுத்துச் செல்லுங்கள். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. தகடு ஒட்டிய மரம் என்பதனாலேயே ஒரு பொருள் போலியாகிவிடாது. எவான்ஸும் அவ்வாறு செய்ததுண்டு. தகடு ஒட்டியதைக் கெட்டி உலோகம் என்று விற்பதே போலி. மரையாணிகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பானரைப் பொருத்திப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நம் நாடு படிப்படியாக மெட்ரிக் அளவிற்கு மாறியது. ஆதலின் உள்நாட்டு மேஜையில் அங்குல அளவு மரையாணி இருப்பது பழைமைக்கு ஒரு குறி. முடிந்த சான்று அன்று. கடைசியாக ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். காலத்தால் வந்த நிறம் உலோகத்தோடு ஒன்றியிருக்கும். நேற்றுப் பூசிய துரு துணியோடு வந்துவிடும்.

அடுத்து, வீட்டிற்குப் பொருந்துமா என்று காண வேண்டும். மேஜையின் உயரம் சோபாவின் இருக்கை மட்டத்திற்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்ந்தோ இருத்தல் நலம்; நாற்பது முதல் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் பெரும்பாலும் போதும். சோபாவிற்கும் அதற்கும் இடையே ஒன்றரை அடி வழி விடுக. எடையையும் மறத்தலாகாது. ஒரு மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புத் தகடு மட்டுமே ஏறத்தாழ 28 கிலோ நிறைக்கும். அதே நீள அகலத்தில் 12 மில்லிமீட்டர்க் கண்ணாடி 18 கிலோ. வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டிற்கு மாறும் நம் போன்றோர், கண்ணாடி வேறாகவும் கால்கள் வேறாகவும் கழலும் மேஜையையே தேடுதல் அறிவுடைமை.

நடை பழகும் குழந்தை உள்ள வீட்டில், அராவாத விளிம்பு நெற்றி உயரத்தில் நிற்கும் கத்தி. அழகுக்காக அதனைப் பொறுத்தல் கூடாது. விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகவே பெயர்ந்து உதிரும் பழைய வண்ணமுள்ள மேஜையை, அதனைத் தக்கவாறு நீக்கும்வரை, குழந்தைகள் புழங்கும் அறையில் இடலாகாது.

பித்தளையைக் கண்டால் புளியிட்டு விளக்குவது நம் வீட்டு வழக்கம். குத்துவிளக்கிற்கு அது தகும், இம்மேஜைக்குத் தகாது. பல்லாண்டு படிந்த நிறம் ஒரே காலையில் கரைந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, எப்போதேனும் மெல்லிய மெழுகு பூசினால் போதும். பெங்களூரின் காற்று இரும்பிற்கு ஓரளவு இணக்கமானது. சென்னையின் உப்புக் காற்று அவ்வாறன்று. என்றேனும் கடற்கரை ஊருக்குத் திரும்புவதாயின், மெழுகை மேலும் அடிக்கடி பூச வேண்டியிருக்கும்.

இத்தனை சோதனைக்கும் நிற்கும் பழைய மேஜை கிடைக்காவிட்டால் என் செய்வது? நாங்கள் ஒரு வழி கண்டோம். பீனியா தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில், பெரியப்பா அருகில் நாற்காலியிட்டு அமர்ந்திருக்க, ஓர் இளம் வெல்டர் எங்களுக்கு மேஜை செய்து தந்தார். இரு முறை பற்றவைப்பைப் பிரித்து மீண்டும் செய்யச் சொன்னார் பெரியப்பா. அவ்விளைஞர் முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் முறை, தாமாகவே விளக்கை இறக்கி அடிப்புறத்தைக் காட்டினார். பெரியப்பா அங்கே விரல் ஓட்டித் தலையசைத்தார்.

பின்னர் உளிக்குத்தினால் செய்த ஆண்டை அடித்தகட்டில் பொறிக்கச் சொன்னார். "நமக்குப் பின்னால் எவரும் இதைப் பழசு என்று விற்றுவிடக் கூடாது, பார்" என்றார். அந்த எண்கள் மேஜையின் கீழே இருக்கின்றன. குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே அவை தெரியும்.