தலையில் கை

லிங்கநகரில் ஒருவர் வாசற்படியில் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார். "என்னண்ணை, ஏதும் கவலையோ?" என்றேன். "கவலை ஒண்டுமில்லைத் தம்பி, இப்பிடி வைச்சாத்தான் கைவலி குறையுது." மூட்டை சுமந்த கழுத்து அது.

அவர் சொன்னது சரி. கழுத்தில் எலும்பு 7, நரம்போ 8 சோடி. இடைத்தட்டு பிதுங்கி நரம்பை நெரித்தால் வலி கைக்கு இறங்கும். கையைத் தலையில் வைத்தால் நரம்பின் இழுவை தளரும். மருத்துவர்களும் இதை ஓர் அடையாளமாகப் பார்க்கிறார்கள். விறைக்கும் விரலும் துப்புச் சொல்லும்: பெருவிரல் என்றால் பெரும்பாலும் ஆறாவது நரம்பு, நடுவிரல் ஏழாவது, சின்னவிரல் எட்டாவது. நள்ளிரவில் எழுந்து கையை உதறவைக்கும் விறைப்புக்கு மட்டும் காரணம் அநேகமாக மணிக்கட்டு.

கழுத்து நரம்பால் வரும் வலி பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். தேத்தண்ணிக் கோப்பை கைநழுவத் தொடங்கினால் உடனே ஆஸ்பத்திரி; கழுத்தில் நெட்டி முறிக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

அண்ணைக்கு விறைத்தது நடுவிரல்.