பட்டம் கிடைத்தது, நியமனம் வரும்வரை



யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறோம். 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான இடம் அது. திருநெல்வேலி வெயில் பழகவே எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. பட்டமளிப்பன்று கறுப்பு அங்கியோடு எடுத்த படம் இப்போது லயத்துச் சுவரில் தொங்குகிறது. அங்கி வாடகைக்கு எடுத்ததுதான்!

"நியமனம் எப்போது?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறோம். வரலாம், வருஷக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம். அதுவரை சும்மா இருக்க எங்களுக்கு மனமில்லை. அரைப்பேர் விழுந்த மாதத்திலும் எங்களுக்குக் காசு அனுப்பியவர்கள் நீங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். தோட்டம் 12 வீதம் போடவேண்டும். அடையாள அட்டையில் ஒரு பெயர், நிதிப் பதிவில் இன்னொரு பெயர் என்றால், ஓய்வு பெறும்போது காசு இழுபடும். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது சுலபம். கடிதங்களை நாங்கள் எழுதித் தருகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் காரியாலயத்தில் இருப்போம். சம்பளத்துண்டையும் அடையாள அட்டையையும் கொண்டுவாருங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்புவதைக் காட்டித் தருகிறோம்.