தாகம் இல்லைன்னாலும் தண்ணி குடுங்க

நான் பத்தாவது வரைதான் படிச்சேன். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

போன அக்னி நட்சத்திரத்தில் எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன். என் மாமியாருக்கு 72 வயசு. எங்களுடையது தகரக் கூரை வீடு. மதியம் "தண்ணி வேணுமா அத்தை?"ன்னு கேட்டேன். "தாகமே இல்ல தாயி"ன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். மூணு மணிக்குப் பார்த்தா, கட்டிலில் படுத்து என்னென்னவோ உளர்றாங்க. என்னையே யாருன்னு கேட்டாங்க. உடம்பு கொதிக்குது, பொட்டு வியர்வை இல்லை. 108-க்குப் போன் பண்ணினோம். வண்டி வரும்வரை ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைச்சு விசிறிக்கிட்டே இருந்தோம். எப்படியோ பிழைச்சுக்கிட்டாங்க.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விவரமாச் சொன்னாங்க. வெளியே எவ்வளவு வெயில் அடிச்சாலும் நம்ம உடம்பு உள்ளுக்குள்ளே சுமார் 37 டிகிரியிலேயே இருக்கப் பார்க்கும். சூடு ஏறினா தோலுக்கு ரத்தம் கூடுதலா ஓடும், வியர்க்கும். அந்த வியர்வை காயும்போது சூடு இறங்கும். வயசான உடம்பில் இந்த இரண்டும் குறைஞ்சு போகுது. தண்ணீர் வற்றினாலும் தாகம் சரியாத் தெரியாது. பிரஷருக்காக நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இன்னும் ஆபத்து. மார்கழிக் குளிரிலும் இதே கதைதான். நடுங்கிச் சூடு உண்டாக்குற சக்தி குறைஞ்சிடும்.

அப்போதான் எனக்குப் புரிஞ்சது. அத்தை பொய் சொல்லலை. அவங்க உடம்பு அவங்களுக்கே சொல்லலை.

இப்ப நான் "வேணுமா"ன்னு கேட்கிறதில்லை. மணி பார்த்து மோரோ நீராகாரமோ கையில் கொடுத்துடுறேன். பதினோரு மணிக்கே வேப்பமர நிழலுக்குக் கட்டிலை மாத்திடுவோம். கழுத்தில் ஈரத்துண்டு போடுவோம். இருதயம், சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களுக்கு எவ்வளவு தண்ணீர்னு டாக்டரிடம் கேட்டுக்கங்க. மயங்கிக் கிடக்கிறவங்க வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க, புரையேறிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம்ம ஒவ்வொருத்தர் தெருவிலும் தனியா இருக்கிற ஒரு பெரியம்மா, ஒரு தாத்தா இருப்பாங்க. சித்திரை, வைகாசியில் தினமும் மதியம் ஒரு தடவை எட்டிப் பார்ப்போம். கையில் ஒரு செம்பு மோரோடு போவோம்.