‘இல்லை’யைக் கண்ணால் கண்டவர் உண்டா?



ஒரு பொருள் ஒரே சமயத்தில் இப்படி இருந்து, இப்படி இல்லாமலும் இருக்க முடியுமா? முடியாது என்று சட்டம் வகுத்தார் அரிஸ்டாட்டில். அந்தச் சட்டம் மாறவே மாறாதா என்று கேட்டான் ஒருவன். எங்கே? ரஷ்யாவில், வோல்கா கரையில், கசான் நகரத்தில், 1910 மே மாதம். நிக்கோலாய் வசீலியெவ் என்று பெயர். படித்தது மருத்துவம், எழுதியது கவிதை, கை வைத்ததோ தர்க்கத்தின் அடிமடியில்! (கைதட்டல்)

அதே கசானில்தான் 1826இல் லோபாசெவ்ஸ்கி, யூக்ளிடின் இணைகோட்டு விதி இல்லாமலும் வடிவகணிதம் நிற்கும் என்றார். கேட்டவர்களுக்குப் புரியவில்லை. வடிவகணிதத்துக்கு மாற்று உண்டென்றால் தர்க்கத்துக்கு ஏன் கூடாது? இதுதான் நம்மாளின் கேள்வி.

என் கையில் இருக்கிற இந்த வெற்றிலையைப் பாருங்கள். பச்சை, தெரிகிறது. ‘சிவப்பில்லை’ என்பது தெரிகிறதா? தெரியாது! பச்சையைப் பார்த்து, சிவப்பில்லை என்று மனசு முடிவு கட்டுகிறது. நம் உலகத்தில் ‘உண்டு’ கண்ணுக்கு, ‘இல்லை’ கருத்துக்கு. இன்னொரு உலகத்தில் ‘இல்லை’யும் நேரே புலனில் பட்டால்? ஒரே இலை இரண்டு சாட்சியும் சொல்லுமே! அங்கே மூன்றாவது தீர்ப்பு வேண்டும்: உண்டும் இல்லையும். நம் சமணர்களும் இப்படி அடுக்கினார்கள். ஆனால் பார்வைக்குப் பார்வை மாறும் என்றார்கள். இவன் ஒரே பார்வையில் என்றான். என்ன துணிச்சல்!

உடனே சிலர் துள்ளுவார்கள். காலையில் ஒரு மேடை, மாலையில் ஒரு மேடை. அங்கே ஒன்று, இங்கே நேர்மாறு. கேட்டால் ‘இரண்டும் உண்மைதான்’. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம்! (கைதட்டல்) ஐயா, கசான்காரன் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டான். பொருளின் சட்டம் மாறலாம் என்றவன், ஒரு கூற்று ஒரே சமயத்தில் மெய்யும் பொய்யுமாக முடியாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதை விட்டால் எந்த உலகத்திலும் வாதம் கிடையாது.

தலைவர் மணியடிக்கிறார், முடித்துவிடுகிறேன். அந்த மனிதன் மனநோயில் தவித்து 1940இல் இறந்தான். நெடுங்காலம் அவன் எழுத்தைச் சீந்துவாரில்லை. நம் மணிமேகலையின் 29ஆம் காதைக்கும் இன்று அதே கதி. பெரும்பகுதி தர்க்கம்! அமுதசுரபியைக் கொண்டாடுகிறோம், அந்தக் காதை வந்ததும் பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் அதை மட்டுமே வரிவரியாகப் படிக்க வேண்டும். தலைவர் இந்த மேடையிலேயே அறிவிக்க வேண்டும்!