பலகைச் சுவர் ஒழுகாமல் இருக்க



சிங்கப்பூருக்குப் போய் சிராங்கூன் சாலை அஞ்சடியில் நடந்தவர்கள் அங்குள்ள பழைய கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். செங்கற்சுவர், ஓட்டுக்கூரை. 1822-இல் ராபிள்ஸ் நகரத்துக்கு வகுத்த திட்டம் அது. நகரத்துக்கு வெளியே, கம்பங்களில், பலகைச் சுவர்தான் நெடுங்காலம் இருந்தது. 1956-இல் உண்டான லோரோங் புவாங்கோக் கம்பத்தில் அதை இன்றும் காணலாம், மேலே தகரக் கூரையோடு. பெருந்தீவில் எஞ்சியிருக்கும் கம்பம் அது ஒன்றே.

நம்மில் பலரும் பலகை வீட்டில் பிறந்தவர்கள். ஆனாலும் பலகை அடிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நாங்களே ஒரு முறை, உறுதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பலகையின் இரு ஓரத்திலும் ஆணி அடித்தோம். அடுத்த வெயில் காலத்தில் பலகைகள் நடுவே பிளந்தன. பிறகு வந்த மழை, குழந்தை படுத்திருந்த பாய்க்கே வந்துவிட்டது.

காரணம் இதுதான். மரம் ஈரத்தில் அகலவாட்டில் உப்பும், வெயிலில் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. இரு ஓரமும் கட்டுண்ட பலகை சுருங்க வழியின்றி வெடிக்கிறது.

ஆகவே பலகைகளை நெட்டாக நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் அரை அங்குலம் விடுங்கள். குறுக்குச் சட்டம் வரும் இடங்களில், 6 அங்குலப் பலகையானால் நடுவில் ஒரே ஆணி போதும். அகலம் கூடினால் நடுவையொட்டி 3 அங்குல இடைவெளியில் இரண்டு. பிறகு அந்த இடுக்கை 2 அங்குல அகலமுள்ள சிறு சட்டத்தால் மூடுங்கள். சிறு சட்டத்தின் ஆணி பலகையைத் தொடாமல், இடுக்கின் வழியே உள்ளேயுள்ள குறுக்குச் சட்டத்தில் இறங்க வேண்டும். அப்போது இரு பக்கப் பலகைகளும் அதனடியில் தாராளமாக அசையும். துத்தநாகம் பூசிய ஆணியே நல்லது. சாதாரண ஆணி துருப்பிடித்துச் சுவரில் கறை இறக்கும்.

பலகையின் கீழ்முனைதான் முதலில் உளுத்துப் போகும். வெட்டிய முனை தண்ணீரை விளக்குத் திரி போல உறிஞ்சும். ஆணி அடிக்குமுன்பே அந்த முனையில் சாயம் பூசிவிடுங்கள். பிறகு பூசலாம் என்று விட்டால் கை எட்டாது. பலகை மண்ணைத் தொட வேண்டாம். தொட்டால் கறையானுக்கு நாமே ஏணி வைத்தது போலாகும். கூரைத் தண்ணீர் விழுந்து தெறிக்கும் உயரத்துக்குக் கல்லோ சிமெண்டோ இருக்கட்டும்.

இன்னொன்று நெருப்பு. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாளன்று, சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயில் நால்வர் மாண்டனர். ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். பலகையும் அத்தாப்பும் நெருங்கி நின்ற குடியிருப்பு அது. நம் சமையற்கட்டில் அடுப்பு பலகைச் சுவரை ஒட்டி இருந்தால் இன்றே தள்ளி வையுங்கள். அடுப்புக்குப் பின்னால் தகரம் அடிப்பவர்கள், தகரத்தைச் சுவரோடு ஒட்ட அடிக்க வேண்டாம். ஒட்டிய தகரம் சூட்டைப் பலகைக்கே கடத்தும். இடையில் நான்கு விரல் காற்றோட்டம் விடுங்கள்.